விற்பனைக்கு ஒரு பச்சை பிக்-அப்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாதி முகம் ஷேவ் ஆகியிருந்தது. மீதிப் பாதியில் சோப்பு நுரை. அந்தக் கோலத்தில் நான் இருக்கும்போது மகாலிங்கம் உள்ளே வந்தார். கையில் இங்கிலீஷ் பேப்பர். முகத்தில், பெண் பார்க்கக் கிளம்பிவிட்ட மாப்பிள்ளையின் களை!

"அண்ணாச்சி, அந்த நுரையைத் தொடைச்சிட்டு இதைக் கொஞ்சம் படிங்க."

மகாலிங்கம் டெல்லி மோதி பாகில் எனக்கு அடுத்த குவார்ட்டர்ஸ்காரர். திருநெல்வேலிப் பக்கம். அரசாங்கத்தில் ஃபைல்களை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்த்தும் உத்தியோகம் — என்னைப் போலவே. பரம சாது. சைக்கிள் தவிர வேறு எதையும் ஓட்டி அறியாதவர்.

வரி விளம்பரங்களுக்கு நடுவே ஒன்றைப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். நன்கு பராமரிக்கப்பட்ட விண்டேஜ் பிக்-அப் டிரக், அமெரிக்கத் தயாரிப்பு, உண்மையான ஆர்வம் உள்ளவர்கள் மட்டும் நேரில் வரவும். கீழே புசா ரோடு பக்கம் ஒரு விலாசம்.

விண்டேஜ்! பழசு என்று சொல்ல வெட்கமாக இருக்கிறபோது இங்கிலீஷ்காரன் கை கொடுக்கிறான் பாருங்கள். நம் ஆபீசில் தூங்கி வழிகிற மனிதரை 'சீனியர் மோஸ்ட்' என்பதில்லையா... அந்த மாதிரி.

"யாருக்கு இது?" என்றேன்.

"எனக்குத்தான்."

"உமக்கு எதுக்கய்யா லாரி?"

"லாரி இல்ல அண்ணாச்சி, பிக்-அப். முன்னால ரெண்டு மூணு பேர் உக்காரலாம். பின்னால திறந்த பெட்டி. மே மாசம் ஊருக்குப் போக ரிசர்வேஷன் க்யூவுல நின்னு நின்னு எனக்கு நரம்பு சுருண்டுபோச்சு. இதை வாங்கிட்டா? பின்னால மெத்தையை விரிச்சு, செண்பகத்தையும் பிள்ளையளையும் ஏத்தி... ஆக்ரா, நாக்பூர், ஹைதராபாத், மதுரைன்னு நேரா திருநேலி!"

"அப்ப நான் என்ன, அரிசி மூட்டையா?" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

செண்பகம். மகாலிங்கத்தின் மனைவி. கணவரைத் துரத்திக்கொண்டே வந்திருக்கிறாள். "நானும் வாரேன் அண்ணாச்சி. இவுகளைத் தனியா விட்டா, வார வழியில ஏரோப்ளேனையும் விலை பேசிட்டு வந்துருவாக."

என்னை எதற்காகக் கூப்பிட்டார்கள் என்கிறீர்களா? ஹிந்தி பேசத்தான். மோதி பாக் தமிழர்களிடையே என் ஹிந்திக்கு நல்ல பெயர். காய்கறி விற்கிற சப்ஜிவாலாவோடு வாய்ச்சண்டை போட்டு நான் ஜெயித்ததை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். இலக்கணம் யாருக்கு வேண்டும்?

பஸ் பிடித்துப் போனோம். புசா ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் ஒரு பெரிய வீடு. வீட்டுக்கு முன்னால் விசாலமான முற்றம். முற்றத்தின் நடுவில் ஏதோ ஒன்று, பஞ்சு அடைத்த பெரிய ரஜாயைப் போர்த்திக்கொண்டு தூங்கியது. டெல்லியில் மாசி மாதத்தோடு மனிதர்களே ரஜாயை மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். இது பங்குனியிலும் போர்த்திக்கொண்டிருந்தது!

வீட்டுக்காரர் வயதான சர்தார்ஜி. நல்ல உயரம். வெள்ளைத் தாடி. எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குழந்தையின் முகத்தைத் திறந்து காட்டுவதுபோல ரஜாயை மெள்ள விலக்கினார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள். நானே ஒரு நிமிஷம் வாயைப் பிளந்துவிட்டேன்.

பாட்டில் பச்சை நிறம். அதில் என் முகம் தெரிந்தது. உருண்டு திரண்ட மட்கார்டுகள். தவளைக் கண் மாதிரி இரண்டு ஹெட்லைட். பின்பக்கத்து மரப்பலகைகள் கடுகெண்ணெய் தடவித் தடவி மினுமினுத்தன. எங்கும் ஒரு கீறல் இல்லை. ஒரு துரு இல்லை.

மகாலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போனார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசித்திரம். விற்கிறவர் என்ன செய்வார்? பொருளைப் புகழ்வார். இவரோ, "பிரேக் சில நாள் பிடிக்கும், சில நாள் பிடிக்காது" என்றார். "பெட்ரோலை ஒட்டகம் தண்ணீர் குடிக்கிற மாதிரி குடிக்கும்" என்றார். "ஸ்பேர் பார்ட்ஸா? அமெரிக்காவிலேயே கிடையாது!" என்றார்.

ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொல்லச் சொல்ல, செண்பகம் சந்தோஷமாகத் தலையாட்டினாள். "நல்ல மனுசரு. உள்ளதைச் சொல்லுதாரு."

அப்போது உள்ளேயிருந்து சர்தார்ஜியின் மனைவி வந்தார். அந்தச் சந்து முழுக்க அவரை 'பீஜி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அம்மா என்று அர்த்தம். குட்டையான, சுறுசுறுப்பான அம்மாள். வந்ததுமே கணவரைப் பார்த்துப் பஞ்சாபியில் பொரிந்து தள்ளினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, சிரித்த முகத்தோடு ஹிந்தியில், "இவர் சொல்வதை நம்பாதீர்கள். பிரேக் அற்புதமாகப் பிடிக்கும். பெட்ரோல் மோந்து பார்த்தாலே போதும், ஓடும். இன்றைக்கே எடுத்துக்கொண்டு போங்கள்!"

சர்தார்ஜி விடவில்லை. மகாலிங்கத்திடம், "உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்றார்.

"சீக் லேங்கே ஜி" என்றார் மகாலிங்கம். கற்றுக்கொள்வோம்!

"தெரியாதவருக்குக் கொடுப்பதாக இல்லை" என்று சர்தார்ஜி ரஜாயைக் கையில் எடுத்தார். பீஜி அதைப் பிடுங்கினார். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முப்பது வருஷத் தாம்பத்தியம்...

அவர்களுடைய பெண் பம்மி டீ கொண்டு வந்தாள். பள்ளிக்கூட டீச்சர். அவள்தான் விஷயத்தை விளக்கினாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. கல்யாணம் இந்த முற்றத்தில்தான். ஷாமியானாப் பந்தல் போட வேண்டும், சமையல் செய்யும் ஹல்வாயி அடுப்பு தோண்ட வேண்டும். வண்டி நின்றால் கல்யாணத்துக்கு இடமில்லை. "அதனால் பீஜி விளம்பரம் கொடுத்தார்கள். வருகிறவர்களையெல்லாம் தார்ஜி துரத்திவிடுகிறார்." அப்பாவை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"நீ இதை ஓட்டுவாயா, மகளே?" என்று கேட்டேன்.

"எனக்குத் துடைக்க மட்டும்தான் பர்மிஷன், அங்கிள்" என்று சிரித்தாள். சின்னப் பெண்ணாக இருந்தபோதிலிருந்தே கேட்டுப் பார்த்துவிட்டாளாம். கீறல் விழுந்துவிடும் என்று தார்ஜி ஸ்டியரிங்கைத் தொடக்கூட விட்டதில்லையாம்.

பீஜி செண்பகத்தின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு அழைத்துப் போனார். செண்பகத்தின் ஹிந்தியில் காய்கறிப் பெயர்கள் மட்டும்தான் உண்டு. பீஜிக்குத் தமிழ் என்றொரு மொழி இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். ஆனாலும் உள்ளே பேச்சு ஓயவில்லை. சிரிப்பு கேட்டது. ஒரு தடவை அழுகையும் கேட்ட மாதிரி இருந்தது. வெளியே மூன்று ஆண்கள் மூன்று மூலையில் மௌனமாக டீ குடித்தோம்.

திரும்பி வந்த செண்பகம் அறிவித்தாள். "வண்டியை நம்ம வீட்டுக்குக் கொண்டுபோறோம்."

மகாலிங்கம் டீயைச் சிந்தினார்.

"வாங்கல. டிரயல்! கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் நம்ம வாசல்ல நிக்கட்டும். பொறவு ஒத்துவந்தா வாங்கலாம், இல்லாட்டி திருப்பி விட்டுரலாம். செவ்வாக்கிழமை கபாடிக்காரன், அதான் பழைய இரும்பு வாங்குதவன், வந்து உடைச்சு எடுத்துட்டுப் போவப்போறானாம் அண்ணாச்சி. அப்படி நடந்தா கல்யாணத்தன்னைக்கு இந்த மனுசன் எந்திரிச்சே வரமாட்டாருன்னு அந்த அம்மா அழுதாவ."

இதெல்லாம் எந்த பாஷையில் பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் மொழிபெயர்த்தேன். சர்தார்ஜிக்கு 'டிரயல்' என்ற வார்த்தை பிடித்துப்போயிற்று. டிரயல் என்றால் விற்கவில்லை. மகாலிங்கத்துக்கும் அதே வார்த்தை இனித்தது. டிரயல் என்றால் பாதி வாங்கின மாதிரி. பெண்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

மோதி பாக் வரை சர்தார்ஜியே ஓட்டி வந்து நிறுத்தினார். மறுநாள் காலை பஸ் பிடித்து வந்து, வண்டி நன்றாகத் தூங்கிற்றா என்று பார்த்தார். அதற்கு மறுநாளும் வந்தார். அன்றைக்குப் பின்பக்கப் பலகைகள் மேல் வேட்டி விரித்து, செண்பகம் வடாம் பிழிந்து காயப் போட்டிருந்தாள்.

சர்தார்ஜி நெஞ்சில் கை வைத்தார். "யே க்யா ஹை?" என்ன இது!

செண்பகம் உள்ளே போனாள். முந்தின நாள் காய்ந்ததில் நாலைப் பொரித்து ஒரு தட்டில் கொண்டுவந்து நீட்டினாள். ஒன்றைக் கடித்தார். இன்னொன்றைக் கடித்தார். பிறகு அவரே ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, வண்டி அருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, காக்கா ஓட்டினார்!

இப்படியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மகாலிங்கம் விடுவாரா? டிரயல் என்றால் ஓட்டிப் பார்க்க வேண்டாமா? தினமும் நச்சரித்தார். ஒருநாள் சர்தார்ஜி மனசு இளகி அவரை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தார். தான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். காலனிக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத ரோடு.

முதலில் வண்டி நகரவில்லை. பிறகு தவளை மாதிரி குதித்தது. பிறகு ஓடியது. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். அந்தக் கைதட்டலில் மகாலிங்கம் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பியிருக்கக் கூடாது.

மூலையில் பெரிய ஆபீசர் ஒருவரின் வீட்டு கேட் தூண். டமால்! தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டியின் இடது மட்கார்டு, காலால் மிதித்த தகர டப்பா மாதிரி உள்ளே போய்விட்டது.

சர்தார்ஜி இறங்கினார். குந்தி உட்கார்ந்து, நசுங்கின இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தானே வண்டியை ஓட்டி வந்து வாசலில் விட்டார். சாவியை மகாலிங்கத்திடம் கொடுக்காமல் செண்பகத்திடம் கொடுத்தார். பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டார்.

மறுநாள் அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை.

மகாலிங்கம் சோற்றைப் பிசைவார், எழுந்து போய்க் கை கழுவுவார். ஆபீசிலும் ஃபைல் நகரவில்லை. (அது பழையபடிதான் என்கிறீர்களா? சும்மா இருங்கள்.) "மனுசன் நாலு வார்த்தை ஏசியிருந்தாக்கூட தேவலையே அண்ணாச்சி" என்று கண் கலங்கினார். "கல்யாண வீட்டுல போய் இப்படிப் பண்ணிட்டேனே..."

மன்னிப்புக் கேட்டே தீருவது என்று முடிவாயிற்று. அதுவும் என் வாயால் இல்லை, தன் வாயால். அதற்காக அவருக்கு ஒரே ஒரு ஹிந்தி வாக்கியம் சொல்லிக்கொடுத்தேன். 'கஸூர் மேரா ஹை.' தப்பு என்னுடையது. செண்பகமும் கூட வர, பஸ் முழுக்க உருப்போட்டுக்கொண்டே வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

முற்றத்தில் ஷாமியானாவுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். சர்தார்ஜி ஒரு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகாலிங்கம் நேராக அவர் முன்னால் போய் நின்று, கை கூப்பி, உரக்கச் சொன்னார்:

"கஸூர் ஆப்கா ஹை!"

தப்பு உங்களுடையது!

பதற்றத்தில் 'மேரா' போய் 'ஆப்கா' வந்துவிட்டது. எனக்கு உயிரே போயிற்று. கம்பு நட்டவன்கூட நிறுத்திவிட்டான். மகாலிங்கத்துக்கு மட்டும் தான் என்ன சொன்னோம் என்று தெரியாது. கண்ணில் தண்ணீரோடு கூப்பிய கையை இறக்காமல் நிற்கிறார்.

சர்தார்ஜி அவரையே பார்த்தார். தாடி மெள்ள ஆடியது. சிரிக்கிறார்!

"சரியாகத்தான் சொல்கிறார்" என்றார் என்னிடம். "தப்பு என்னுடையதுதான். தேசப் பிரிவினையில் எல்லையைத் தாண்டி இந்த ஊருக்கு வந்தபோது எங்களிடம் ஒன்றும் இல்லை. மிலிட்டரிக்காரர்கள் கழித்துப்போட்ட இந்த வண்டியை ஏலத்தில் எடுத்தேன். இதில் செங்கல் ஏற்றினேன், சிமெண்ட் ஏற்றினேன். இது சம்பாதித்துப் போட்டுத்தான் நாங்கள் சாப்பிட்டோம். கடை வைத்து நாலு காசு பார்த்ததும், போதும், இனிமேல் இது உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று நினைத்தேன். அதிலிருந்து துடைக்கிறேன், துடைக்கிறேன், துடைத்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு கீறல் விழாமல் வைத்திருந்து என்ன கண்டேன்? கபாடிக்காரன் வரைக்கும் கொண்டுவிட்டேன்."

கம்பு நடுகிற இடத்தில் பம்மியும் நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"தார்ஜி... அதுதான் நசுங்கிவிட்டதே. இனிமேல் நான் ஓட்டலாமா?"

சர்தார்ஜி பதில் சொல்வதற்குள் செண்பகம் பர்ஸைத் திறந்தாள். சாவியை எடுத்தாள். அவரிடம் நீட்டவில்லை. நேராகப் பம்மியின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "பிள்ளை கேக்குல்லா?" என்றாள் அவரைப் பார்த்து, நல்ல தமிழில்.

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார் சர்தார்ஜி. அவருக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் பம்மி மோதி பாக் வந்துவிடுவாள். அவள் ஓட்ட, சர்தார்ஜி பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிப் பிரார்த்தனை சொல்லிக்கொண்டே வருவார். பின்பெட்டியில் மகாலிங்கம், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பம்மி கெட்டிக்காரி. கல்யாணத்துக்கு முன்பே ரிவர்ஸ்கூட எடுக்கப் பழகிவிட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள். சர்தார்ஜி வந்து மகாலிங்கம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பம்மியும் கூட இருந்தாள்.

"டிரயல் முடிந்தது. என் வாக்கு வாக்குதான். உங்களுக்கு வேண்டுமா? சொல்லுங்கள். வண்டி உங்களுடையது" என்றார்.

நான் மகாலிங்கத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். பச்சை வண்டி வெயிலில் பளபளத்தது, ஒரு கன்னம் ஒட்டிப்போய். பிறகு பம்மியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் உதவிக்கு வரும்முன் மகாலிங்கம் சொந்த ஹிந்தியில் பேசினார். "காடி பஹுத் அச்சா. பர்... ஹம்கோ பசந்த் நஹி." வண்டி ரொம்ப நல்ல வண்டி. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை.

என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு சின்ன ஹிந்தியில் நான் கேட்டதில்லை.

சர்தார்ஜி எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். மகாலிங்கத்தின் தலை அவருடைய தாடிக்குள் காணாமல் போயிற்று. செண்பகம் கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள்.

கல்யாணம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்ப, பூ வைத்து ஜோடித்த அம்பாசடர் ஒன்று சந்து முனையில் காத்திருந்தது. அதில் ஏறினது மாப்பிள்ளையின் சித்தப்பாமார்கள். பம்மி, தலையில் சிவப்பு துப்பட்டா, கை நிறைய வளையல், நேரே அதன் பின்னால் நின்ற பிக்-அப்பின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மாப்பிள்ளை ஃபரீதாபாதில் ஏதோ தொழிற்சாலையில் எஞ்சினியர். எந்திரங்களை அறிந்தவர். அதனாலேயே கதவை இறுகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னால் சாமந்தி மாலை. அதற்குக் கீழே, அட்டையில் சிவப்பு மையால் எழுதிய 'எல்' போர்டு!

சந்தே கூடிவிட்டது. கிழவிகள் கன்னத்தில் கை வைத்தார்கள். அழவேண்டிய நேரம், பீஜி வழக்கப்படி அழுதார். பெண்ணுக்கு அழ நேரமில்லை. அவள் ஃபர்ஸ்ட் கியரைத் தேடிக்கொண்டிருந்தாள். கியர் விழுந்ததும் வண்டி ஒரு குதி குதித்து நகர்ந்தது. சர்தார்ஜி, "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்திக்கொண்டே கொஞ்ச தூரம் கூடவே ஓடினார். அப்புறம் நின்றுவிட்டார். தோளில் கிடந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நாமும் இப்படித்தானே? நல்ல பீங்கான் கோப்பைகளை அலமாரியில் பூட்டிவிட்டு, கைப்பிடி போன கோப்பையில் காபி குடிக்கிறோம். என் வீட்டில் சோபாவுக்கு வந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. வெயில் காலத்தில் விருந்தாளிகள் எழுந்திருக்கும்போது பர்ரென்று ஒரு சத்தம் வரும். உறை பத்திரமாக இருக்கிறது. விருந்தாளிகள்தான் வருவதில்லை. எழுதி முடித்ததும் அதைக் கழற்றலாம் என்றிருக்கிறேன். என் மனைவி சம்மதித்தால்...

கல்யாணச் சாப்பாடு முடிந்து நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் திரும்பினோம். மகாலிங்கத்தைப் பார்த்தேன். பாவம், எவ்வளவு ஆசைப்பட்டார் என்று நினைத்துக்கொண்டேன். உட்கார இடம் இருந்தும் உட்காராமல் முன்னால் போய், டிரைவருக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தனியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மோதி பாக் நெருங்கியது. இறங்கவேண்டும் என்று கூப்பிடப் போனேன். அவர் டிரைவரின் காதருகே குனிந்து தன் ஹிந்தியில் ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: "அண்ணே... பழைய பஸ்ஸெல்லாம் எங்க விப்பாங்க?"